நல்லா எழுதிடாதீங்க, அத்தான்

"அத்தான், ஒரே ஒரு உதவி. என் கடையைப் பத்தி நல்லா எழுதிடாதீங்க" என்றான் மச்சினன்.

நாக்கு சார் சூப் கரண்டியைப் பாதி வழியில் நிறுத்தினார். கடை அடுத்த நாள்தான் திறக்கப்போகிறது. நாற்காலிகளைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. சுவரில் பெயிண்ட் வாசனை. அதையும் மீறிக்கொண்டு கிண்ணத்திலிருந்து காளான் சூப்பின் மணம் எழுந்தது. மச்சினன் கடை எப்படியும் சுமாராகத்தான் இருக்கும், இரண்டு வரி எழுதி ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்து வந்திருந்தார். சூப் பிரமாதமாக இருந்தது. அவருக்கு அதுவே ஒரு சங்கடம்.

ஊரின் தினசரியில் வாரம் ஒருமுறை வரும் சாப்பாட்டுப் பக்கம் அவருடையது. எந்த ஓட்டல் புதிதாகத் திறந்திருக்கிறது, அங்கே என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதுவார். அலுவலகத்தில் யாரோ வைத்த பெயர் நாக்கு. அது ஊருக்குள் பரவி, மரியாதைக்கு ஒரு சாரையும் சேர்த்துக்கொண்டது. கோபம் வந்தால் மனைவி அந்த சாரை மட்டும் எடுத்துவிடுவாள்.

"நல்லா எழுதாம? மோசம்னு எழுதணுமா?"

"எழுதவே வேணாம் அத்தான்."

காரணம் மெதுவாகத்தான் வந்தது. ஓட்டல் நடத்துகிறவர்கள் மத்தியில் ஒரு பேச்சு இருக்கிறதாம். நாக்கு சார் பாராட்டிய கடை தேறாதாம். பாலத்துக்குக் கீழே இருந்த நூடுல்ஸ் கடை, சினிமா தியேட்டர் பக்கத்தில் இருந்த வறுத்த கோழிக் கடை, கேக் மட்டும் விற்ற அந்த அக்கா தங்கைகள். எல்லாரையும் அவர் வாயாரப் புகழ்ந்தார். எல்லாரும் ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போனார்கள். ரப்பரை மெல்வது போல இருக்கிறது என்று அவர் எழுதிய பீட்சா கடை மட்டும் இரண்டாவது கிளை திறந்துவிட்டது.

"பாத்திரம் வாங்கப் போனேன். கடைக்காரர் முதல்ல கேட்டதே, நாக்கு சார் எழுதப்போறாராங்கிறதுதான். ஆமான்னதும் கடன் கிடையாதுன்னுட்டார்."

நாக்கு சாருக்குக் கோபம் வந்தது. வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம் வைத்திருப்பவர் அவர். ராசி, கண்ணேறு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். படித்தவன் பேசுகிற பேச்சா இது என்று கேட்டார்.

"நான் எங்க அத்தான் படிச்சேன்? செருப்புக் கடையில இருந்தேன்" என்றான் மச்சினன்.

வீட்டுக்கு வந்தால் மனைவியும் தம்பி பக்கம்தான். அவளுக்கு ராசியில் நம்பிக்கை இருந்ததா என்பது வேறு விஷயம். அவள் கை வளையல்கள் அந்தக் கடையில் இருந்தன. அடுப்பாகவும் புகைபோக்கியாகவும் மாறியிருந்தன. வெறும் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"அந்தக் கடை மூடினா நானும் மூடிடுவேன். வாயை. அப்புறம் உங்க புத்தகத்தோடயே பேசிக்கோங்க."

நாக்கு சாருக்கு மௌனம் பிடிக்கும். ஆனால் தான் ஆரம்பித்துத் தான் முடிக்கும் மௌனம்தான் பிடிக்கும். அவளுடைய மௌனம் அப்படியில்லை. அது சாப்பாட்டு மேசையில் மூன்றாவது ஆளாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நகராது. ஆகவே அவர் எழுதவில்லை.

அந்த வாரம் ஊரில் திறந்த ஒரே கடை அதுதான். பக்கத்தை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டுமே என்று, மருத்துவமனை காபி கடையில் நாற்காலி மாற்றியதைப் பற்றி நீளமாக எழுதினார். வாசகர்கள் நாற்காலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சொந்த மச்சினன் கடையைப் பற்றியே மனுஷன் வாய் திறக்கவில்லையென்றால், அந்தச் சாப்பாடு என்ன லட்சணத்தில் இருக்கும் என்று கேட்டார்கள். மேல்மாடி அம்மாள் மாடிப்படியில் மனைவியை நிறுத்தி, தம்பி கடையில் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதே என்று அக்கறையாக விசாரித்தாள். திறந்த அன்று வந்த சொந்தக்காரர்களோடு சரி. அதற்குப் பிறகு சூப் கடையில் ஈ ஓட்டக்கூட ஈ வரவில்லை.

போதாததற்கு, பத்திரிகை ஆசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதலாளி கேட்டாராம், சூப் கடை ஏன் வரவில்லை என்று.

"முதலாளி நம்ம பேப்பர்ல படிக்கிறது உங்க பக்கம் ஒண்ணுதான். தலையங்கம் எழுதற எனக்கே அந்தக் கொடுப்பினை இல்ல" என்றார் ஆசிரியர். பெருமூச்சு நிஜமானது.

அடுத்த யோசனை மச்சினனுடையது. பீட்சா கடைக்காரனைத் திட்டியதால்தானே அவன் நன்றாக இருக்கிறான்? தன்னையும் கொஞ்சம் திட்டி எழுதினால் என்ன?

நாக்கு சார் மறுத்தார். இத்தனை வருஷத்தில் நன்றாக இருப்பதை இல்லை என்று எழுதியதில்லை. மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா தன் வெறும் கையைப் பார்த்தாள். அவர் எழுத உட்கார்ந்தார்.

பொய் எழுதிப் பழக்கமில்லாததால் முதலில் வரவில்லை. சூப் சூடாக இருந்தது, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தார். நாற்காலிகள் உட்காரத் தகுந்தவை என்றார். பிறகு ஏதோ திறந்துகொண்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து மச்சினன்மேல் இருந்தது எல்லாம், திருப்பித் தராத குடையிலிருந்து, சொல்லாமல் எடுத்துப்போன ஸ்கூட்டர்வரை, வரிசையாக வந்து நின்றது. சமைப்பவரின் கைகள் அவருடைய பழைய தொழிலையே இன்னும் மறக்கவில்லை, காளானில் தோல் பதப்படுத்திய ருசி தெரிகிறது என்று முடித்தபோது அவருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

பத்திரிகை வந்த அன்று மச்சினன் அதைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தான்.

"திட்டச் சொன்னேன் அத்தான். செருப்பால அடிக்கச் சொல்லல."

கடையில் ரொட்டி சுடுகிற ஆள், தன் பெயரும் இதில் கெட்டுவிடும் என்று அன்றைக்கே வேலையை விட்டுப் போய்விட்டான். இரவு சாப்பாட்டில் உப்பு டப்பா மனைவியின் பக்கம் இருந்தது. அவர் கை நீட்டினார். அவள் பார்த்தாள். உப்பு அங்கேயே இருந்தது. அவர் உப்பில்லாமல் சாப்பிட்டார்.

பீட்சா கடைக்குப் பலித்தது இவனுக்கு ஏன் பலிக்கவில்லை? அப்படியென்றால் எல்லாமே உளறல்தானே? இதை நிரூபித்துவிட வேண்டும் என்று, பாலத்துக்குக் கீழே நூடுல்ஸ் கடை வைத்திருந்தவரைத் தேடிப் போனார். எழுதிய கடைக்கு மறுபடி போகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. திறப்பது மட்டும்தான் அவருக்குச் செய்தி. மூடுவதற்குப் பத்திரிகையில் பக்கம் இல்லை.

நூடுல்ஸ்காரர் இப்போது சலவைக் கடை வைத்திருந்தார். அடுப்பில் நின்ற அதே நிற்பு, இஸ்திரி மேசைக்குப் பின்னால். கடை ஏன் மூடவேண்டி வந்தது என்று நாக்கு சார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீங்க நல்லா எழுதினீங்க சார். அதான் போச்சு."

"அதெப்படிங்க, நல்லா எழுதினா போகும்?"

சலவைக்காரர் ஒரு சட்டைக் காலரை நிதானமாகத் தேய்த்தார். ஆவி எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றது. "உங்க மேல கோபம் இல்ல. நல்ல மனசோடதான் எழுதினீங்க. ஆனா உங்க துணியை மட்டும் இங்க போட வேணாம்."

வேறு யாராக இருந்தாலும் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள். நாக்கு சாருக்குத் துருவிக் கேட்கத் தெரியாது. அவருக்கு வாய்த்தது நாக்கு. காதைப் பற்றி யாரும் பெருமையாகச் சொன்னதில்லை. வீட்டுக்கு நடந்து வந்தார். வழியெல்லாம் தன் இரண்டு கைகளையும் யாருடைய கைகளையோ போலப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே சூப் கடைக்கு நேர் எதிரில் மீன் வறுவல் கடை ஒன்று திறந்தது. மச்சினன் ஓடி வந்தான்.

"அத்தான், அவங்களைப் புகழ்ந்து தள்ளுங்க."

ராசியை நம்பாத மனிதர் அன்றைக்கு ஏன் அதற்குச் சம்மதித்தார் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறார். களைப்பு என்றுதான் தோன்றியது. மீன் நன்றாகத்தான் இருந்தது. அதனால் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு நல்ல வார்த்தையையும் ஒரு பிடி மண் போடுகிற மாதிரிப் போட்டார். மொறுமொறுப்பு என்றார். கடல் என்றார். இந்த ஊர் இதுவரை மீனே சாப்பிட்டதில்லை என்றார்.

கூட்டம் அள்ளியது. வரிசை மீன் கடை வாசலில் தொடங்கி, சாலையைக் கடந்து, சூப் கடை வாசல்வரை வந்தது. நின்று கால் வலித்தவர்கள் சூப் கடையின் காலி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கேட்டார்கள். கை கழுவினார்கள். ஒரு பெரியவர் மச்சினனைக் கூப்பிட்டு, மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைக்கச் சொன்னார்.

"இவங்க மூட எத்தனை நாள் ஆகும் அத்தான்?"

"அதுக்குள்ள நீ மூடிடுவே."

மச்சினன் போய் மின்விசிறியை வேகமாக வைத்தான். நாக்கு சார் அந்த முதுகைப் பார்த்தார். திருப்பித் தராத குடையெல்லாம் அந்த முதுகில் இல்லை. அக்கா வளையலில் வாங்கிய அடுப்பும், விற்காத சூப்பும்தான் இருந்தன. இந்த மாதம் தாண்டினால் பெரிது என்று அவன் அக்காவிடம் சொல்லியிருந்தது அவருக்கும் எட்டியிருந்தது.

வீட்டில் மனைவி வெகுநாளைக்குப் பிறகு வாயைத் திறந்தாள். உப்பு டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"உண்மையைச் சொல்லுங்க. அந்த சூப் உங்களுக்குப் பிடிச்சுதா இல்லையா?"

"பிடிச்சுது."

"எவ்வளவு?"

அவர் யோசித்தார். "தனியா எங்கயாவது உக்காந்து இன்னொரு தடவை குடிக்கணும்போல இருக்கு."

"அதை எழுதறதுக்கு என்ன?" என்றாள். "ராசியாம் ராசி. சும்மா இருந்தீங்க, போச்சு. திட்டினீங்க, போச்சு. எதிர்க்கடையைப் புகழ்ந்தீங்க, அதுவும் போச்சு. மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான்."

அவர் எழுதினார். முன்பு எழுதியது தவறு, மறுபடி போய்ச் சாப்பிட்டுப் பார்த்தேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, சூப்புக்குப் போனார். பெரிய வார்த்தை எதுவும் போடவில்லை. மழை நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரோடும் பேச வேண்டிய கட்டாயம் இல்லாமல் குடிக்க வேண்டிய சூப் இது என்று எழுதினார். யாரோடும் பேச விருப்பமில்லாதவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வார இறுதிக்குள் கடை நிரம்பிவிட்டது. ஜன்னலோர மேசைகளுக்கு ஒரு வரிசை தனியாக நின்றது. ரொட்டி சுடுகிறவன் திரும்பி வந்தான், சும்மா ஊருக்குப் போயிருந்தவன் போல. மீன் கடை வரிசையில் நின்றவர்கள் இந்தப் பக்கம் வந்து சூப்பை வாங்கிக்கொண்டு போய் அங்கே நின்றார்கள். மேல்மாடி அம்மாள் குடும்பத்தோடு வந்து, இதெல்லாம் தனக்கு முதலிலேயே தெரியும் என்றாள்.

ஒரு மாதம் போயிற்று. கூட்டம் குறையவில்லை. மனைவி கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். சில்லறை கொடுக்கும்போது இல்லாத வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். கை ஞாபகம் வைத்திருந்தது. மச்சினன் வியர்வையோடு வந்து அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, சமையலறைக்குள் ஓடிவிட்டான். பாத்திரக் கடைக்காரர்கூட வந்து, தான் அன்றைக்கு விளையாட்டுக்குச் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நாக்கு சார் மூலை மேசையில் உட்கார்ந்து இன்னொரு கிண்ணம் குடித்தார். ஒரு மூடநம்பிக்கையைத் தனி ஆளாக நின்று ஒழித்துவிட்ட நிம்மதி அவருக்கு. நாளைக்கே சலவைக் கடைக்குப் போய், வேண்டுமென்றே, துவைக்க ஒரு சட்டையைப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வாசல் பக்கம் நின்றிருந்த ஆளைப் பார்த்தார். பத்திரிகை முதலாளியின் கார் டிரைவர். உட்காரவும் இல்லை, வரிசையில் நிற்கவும் இல்லை. ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கே தன் எழுத்தைப் படித்து நாக்கில் நீர் ஊறிவிட்டது போலிருக்கிறது என்று நாக்கு சாருக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து போய், முதலாளிக்குப் பார்சல் கட்டச் சொல்லட்டுமா, காளானா கோழியா என்று கேட்டார்.

"பார்சல் வேணாம் சார்" என்றார் டிரைவர். "இதையும் சேத்து ஊர்ல பாதிக் கட்டடம் வேற வேற பேர்ல முதலாளியோடதுதானே. நீங்க நல்லா எழுதின கடைன்னா, கூட்டம் நிலைச்சு வருதான்னு பாத்துட்டு வரச் சொல்லுவார். அதை வெச்சுத்தான் வாடகையை ஏத்துவார்."