கருத்துக்கு இடையூறாக ஒரு குரல்

படம் எடுப்பது பெரிய காரியமில்லை. பணம் இருந்தால் போதும். நடிப்பதும் அப்படித்தான், முகம் இருந்தால் போதும். பாடுவதற்குத் தொண்டை தேவை; அது எல்லோருக்கும் பிறவியிலேயே கிடைத்திருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றையும் பார்த்துக் கருத்துச் சொல்வது இருக்கிறதே, அதுதான் மனிதனை மற்ற உயிர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. யானைக்குப் பலம் உண்டு, குயிலுக்குக் குரல் உண்டு. கருத்து உண்டா?

எங்கள் திரைக்கருத்துச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை நான் அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஊரில் மிச்சமிருந்த ஒரே தியேட்டரில் ஒவ்வொரு புதுப்படமும் வெள்ளிக்கிழமை காலையில் முதலில் எங்களுக்குத்தான் காட்டப்படும். இதற்குக் 'கருத்துக் காட்சி' என்று பெயர். காட்சி முடிந்ததும் நாங்கள் ஒருமனதாக எடுத்த முடிவை வாசலில் உள்ள கரும்பலகையில் எழுதுவோம். ஊர் மக்கள் அதைப் படித்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்குவார்கள். பலர் படித்ததோடு திருப்தியடைந்து வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டு. கருத்து கையில் கிடைத்த பிறகு படத்தை வேறு எதற்காகப் பார்க்க வேண்டும்? எங்கள் சேவையின் வீச்சு அப்படி.

எங்கள் தலைவர் குடிநீர்த் துறையில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தப் படத்தைப் பார்த்தாலும் "ஆழம் இல்லை" என்பார். அதனால் அவரை 'ஆழம் சார்' என்று அழைக்கிறோம். பணிக்காலத்தில் அவர் தோண்டிய கிணறுகளைப் பற்றி மக்களும் அதையேதான் சொன்னார்கள் என்பது தற்செயல்.

சங்கத்தின் தனிச்சிறப்பு ஒன்றை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஆரம்பத்தில் நாங்களும் பாமரர்களைப்போல ஒலியோடுதான் படம் பார்த்துவந்தோம். ஒருநாள் ஒரு போர்ப் படம். ஆழம் சார் போரின் பயனின்மை குறித்துத் தம் கருத்தைத் தொடங்கிய நேரம் பார்த்து எதிரிப்படை குண்டு போட்டுவிட்டது. அவர் பொறுமையாக மறுபடி தொடங்கினார். எதிரிப்படையும் மறுபடி தொடங்கியது. அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டி, "கருத்துகள் தெளிவாகக் கேட்கும் பொருட்டு, இனிக் கருத்துக் காட்சிகளில் படத்தின் ஒலி முற்றிலுமாக நிறுத்தப்படும்" என்று தீர்மானம் நிறைவேற்றினோம்.

அன்றிலிருந்து எங்கள் கருத்துகளின் தரம் எவ்வளவோ உயர்ந்துவிட்டது. படம் குறுக்கே பேசுவதில்லை அல்லவா?

இந்த நிலையில்தான் தியேட்டர் முதலாளி ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"செயலாளர் சார், கடைசியா ஒரு படம் போடறேன். இது ஓடலைன்னா தியேட்டரை மாப்பிள்ளைக்குக் குடுத்துடறதா வாக்குக் குடுத்துட்டேன்."

"மாப்பிள்ளை தியேட்டர் நடத்தப் போறாரா?"

"குடோன் ஆக்கப் போறார். சிமென்ட் மூட்டை அடுக்க."

மாப்பிள்ளை என்பவர் முதலாளியின் தங்கை கணவர். சிமென்ட் வியாபாரி. அவருக்குக் கலையில் கருத்தே கிடையாது. அதனால் அவரை நாங்கள் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை.

"என்ன படம்?" என்றேன்.

"பழைய பாட்டுப் படம் சார். வெளிநாட்டுப் படம். ஹீரோவே நிஜமான ஆப்பரா பாடகர். மைக் இல்லாமலே பெரிய அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் குரல் போகுமாம். போன மாசம் வெளியூர்ல பார்த்தேன். பாஷை ஒரு வார்த்தை புரியல. ஆனா சார்..." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "படம் முடிஞ்சு பெருக்கறவங்க வந்து எழுப்பற வரைக்கும் எந்திரிக்க முடியல. நாப்பது வருஷம் படம் ஓட்டியிருக்கேன், இப்படி ஆனதில்ல. போர்டுல நீங்க நல்லதா நாலு வார்த்தை எழுதினா ஜனங்க வருவாங்க."

"சங்கம் பாரபட்சமற்றது" என்றேன் கம்பீரமாக.

வெள்ளிக்கிழமை காலையில் கூடினோம். வாசலில் மாப்பிள்ளை அளவு நாடாவோடு நின்றிருந்தார். "மச்சான், ஸ்க்ரீன் இருக்கற சுவரை இடிச்சுட்டா லாரி நேரா உள்ள வந்துடும்" என்று அவர் முதலாளியிடம் சொல்வது கேட்டது. வீட்டில் தண்ணீர் வராததால் என் மனைவியும் கூட வந்திருந்தாள்.

விளக்குகள் அணைந்தன. ஒலி நிறுத்தப்பட்டது. படம் தொடங்கியது.

கதை மிக எளிமையானது. ஒரு பெரிய ஹோட்டலில் லிஃப்ட் இயக்கும் குண்டு மனிதன். நடுவழியில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. உள்ளே ஒரு பணக்காரப் பெண், ஒரு முதியவர், ஒரு நாய். குண்டு மனிதன் மார்பைப் பிடித்துக்கொண்டு வாயை அகலமாகத் திறக்கிறான். திறந்தவன் மூடவே இல்லை.

"கத்துறான்" என்றார் ஆழம் சார். "லிஃப்ட் நின்னதுக்கே இந்தக் கத்தல். கோழையைக் கதாநாயகனா போட்டிருக்காங்க. பாத்திரத்துல ஆழம் இல்லை."

எங்கள் பல் டாக்டர் முன்னால் குனிந்தார். "மேல் வரிசையில ரெண்டு கடைவாய்ப் பல் சொத்தை. இடது பக்கம் அடைச்சிருக்கான், சுமாரான வேலை. ஆனா ஒண்ணு சொல்லணும், இவ்வளவு ஒத்துழைப்பா வாயைத் திறக்கற பேஷன்ட் எனக்கு ஒருத்தர்கூட அமையல."

"அது வலியில்ல டாக்டர்" என்றார் எங்கள் தையல்காரர். "மார்புல பொத்தானைப் பாருங்க, துடிக்குது. மூச்சு விட இடம் வைக்காம தச்சிருக்கான் பாவி. காத்து போகாம வாயைப் பொளக்கறான்."

லிஃப்டில் இருந்த பெண் அழுதாள். முதியவர் அழுதார். நாயும் தலையைச் சாய்த்துக்கொண்டது.

"காத்துப் பத்தல. எல்லாருக்கும் கண்ணெரியுது" என்று டாக்டர் மருத்துவ விளக்கம் அளித்தார்.

இங்கே நான் என் பங்கை ஆற்றினேன். "லிஃப்ட் என்பது சமுதாயம்" என்றேன். "மேலே போகிறது. கீழே வருகிறது." அரங்கமே ஒரு கணம் அமைதியானது. அப்படிப்பட்ட கணங்களுக்காகத்தான் மனிதன் சங்கத்தில் சேருகிறான்.

அந்த அமைதியைப் பயன்படுத்தி என் மனைவி கேட்டாள்: "ஏங்க, பாட்டுப் படம்னீங்களே. பாட்டு எங்க?"

ஆழம் சார் திரும்பிப் பார்த்தார். "அம்மா, இது கருத்துக் காட்சி."

"சரிங்க. படக் காட்சி எப்போ?"

என் குடும்பத்தின் சார்பில் நான் வருத்தம் தெரிவித்தேன்.

இறுதிக் காட்சியில் குண்டு மனிதன் ஒரு மாபெரும் மேடையில் நின்று மறுபடியும் வாயைத் திறந்தான். ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்றார்கள். எதற்காக என்று எங்களுக்கு விளங்கவில்லை. கதையில் உள்ள பெரிய ஓட்டை அது என்று முடிவு செய்தோம். கரும்பலகையில் என் கையாலேயே எழுதினேன்: 'பல் வைத்தியம் தேவைப்படும் ஒரு கோழையின் கதை. காரணமின்றி எல்லோரும் அழுகிறார்கள். உடை இறுக்கம். ஆழம் இல்லை.'

மாலைக் காட்சிக்கு ஒருவரும் வரவில்லை. இரவுக் காட்சிக்கு ஒருவர் வந்தார், மழைக்கு ஒதுங்கியவர். மறுநாள் காலையில் முதலாளி எங்கள் எல்லோரையும் வீடு வீடாகப் போய்த் தியேட்டருக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். மாப்பிள்ளை ஏற்கெனவே அங்கே இருந்தார். என் மனைவியும் வந்தாள். இம்முறை வீட்டில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவை சார். சத்தத்தோட பாருங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"விதி இருக்கே" என்றார் ஆழம் சார்.

"விதியை நீங்கதானே போட்டீங்க?"

"அதனாலதான் மீற முடியாது. வேற யாராவது போட்டிருந்தா பரிசீலிக்கலாம்."

ஒலியோடு பார்க்கலாமா என்பதைப் பற்றி விவாதிக்க உடனடியாக ஒரு துணைக்குழு அமைத்தோம். சத்தம் வந்தால் கருத்தின் நடுநிலை பாதிக்கும் என்றார் டாக்டர். காது ஒரு பக்கம் இழுத்தால் கண் மறுபக்கம் நழுவும் என்றார் தையல்காரர். விவாதம் சூடு பிடித்த நேரத்தில் முதலாளி எழுந்து மாடியில் படம் ஓட்டும் அறைக்குப் போனார். விளக்கு அணைந்தது. லிஃப்ட் நின்றது. குண்டு மனிதன் வாயைத் திறந்தான்.

நேர்ந்த அசம்பாவிதத்தை நான் உள்ளபடியே பதிவு செய்ய வேண்டும்.

முதலில் என் நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்தது. பிறகு என் விலா எலும்பு. அந்தக் குரல் மெல்லத் தொடங்கி, ஒரு இடத்தில் நின்று, இதற்கு மேல் ஏற வழியில்லை என்று நாம் நினைக்கும் நேரத்தில், சர்வ சாதாரணமாக இன்னும் மேலே போனது. நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்தவர்களை அது கதவைத் திறக்காமலே வெளியே கொண்டுபோனது. எங்களையும் கொண்டுபோனது. எங்கே என்று தெரியவில்லை.

டாக்டர் வாயைத் திறந்தபடி இருந்தார். அவருடைய கடைவாய்ப் பற்களை நானே எண்ணியிருக்கலாம், தோன்றவில்லை. தையல்காரர் தம் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆழம் சார் முன் இருக்கையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார், கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவரைப்போல. வாசலில் மாப்பிள்ளையின் கையிலிருந்த அளவு நாடா தானாகச் சுருண்டு டப்பாவுக்குள் போனது. என் மனைவி என் கையைப் பிடித்தாள். கல்யாணமான புதிதில் பிடித்ததுதான்.

படம் முடிந்து விளக்கு வந்தது. சங்கத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒருவரிடமும் கருத்து இல்லை.

முதலில் பேசியவர், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கலையில் கருத்தே இல்லாத மாப்பிள்ளைதான். மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்.

"மச்சான், இதை இடிக்க எனக்கு மனசு வரல. சிமென்டை நான் எங்கயாவது அடுக்கிக்கறேன்." பிறகு எங்களிடம் திரும்பினார். "பெரியவங்களே, அந்த போர்டுல எழுதினதை அழிச்சிட்டு 'வந்து கேளுங்க'ன்னு எழுதுங்க. அது போதும். ஊரே வரும். நான் இப்பவே கிளம்பிடறேன்."

முதலாளி கை கூப்பியபடி நின்றார்.

நாங்கள் அவசரமாகத் தனியே கூடினோம், கழிவறைப் பக்கம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் தையல்காரர், திருடிவிட்டவர் குரலில்.

"நல்லா இருக்குன்னா? நேத்து எழுதினது தப்புன்னு ஆகும்" என்றார் டாக்டர்.

"நேத்து எழுதினது மட்டுமா?" என்றார் ஆழம் சார். அவர் முகம் வெளிறியிருந்தது. "சத்தம் வெச்சுப் பார்த்தா இந்தப் படம் வேற மாதிரி இருக்குன்னா, இத்தனை வருஷமா நாம எழுதின எல்லாப் படமும்?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பொறுப்பு என்பது எவ்வளவு கனமானது என்பதைக் கழிவறைப் பக்கத்தில் நின்று உணர்ந்தோம்.

என் மனைவி அங்கேயும் வந்துவிட்டாள். "ஏங்க, ஒரு ஈரத்துணி போதும். நானே அழிக்கட்டுமா?"

"சங்கத்தின் சொத்தில் உறுப்பினர் அல்லாதவர் கை வைக்கக் கூடாது" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கையைப் பிடிச்சப்போ அழுதீங்க. நான் பார்த்தேன்."

"அது காத்துப் பத்தல."

ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: 'பாடல்கள் மிகையாக நன்றாக இருப்பதால் படத்தைப் பற்றித் தெளிவாகச் சிந்திக்க இயலவில்லை. இது படத்தின் குறையே. முந்தைய கருத்து நீடிக்கிறது.'

நான் வெளியே போய்ப் பலகையில் 'ஆழம் இல்லை' என்பதன் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தேன். முதலாளி அதைப் பார்த்தார். மாடிக்குப் போய்ப் படச் சுருளைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார். மாப்பிள்ளை என்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டே கூடப் போனார். வார இறுதிவரை மீண்டும் ஓட்டிப் பொறுத்துப் பார்த்தார்கள்; பலகையைப் படித்தவர்கள் உள்ளே வரவில்லை. பிறகு ஸ்க்ரீன் இருந்த சுவர் இடிக்கப்பட்டது. லாரி நேராகவே உள்ளே போகிறது.

சங்கம் சும்மா இருந்துவிடவில்லை. ஆழம் சாரின் வீட்டு முன்னறையில் இரங்கல் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தோம். தலைப்பு: 'தியேட்டரைக் கொன்றது யார்?' டாக்டர் தொலைக்காட்சியைக் குற்றம் சாட்டினார். தையல்காரர் இளைஞர்களைச் சாட்டினார். நான் உலகமயமாக்கலைச் சொன்னேன். ஆழம் சார் மக்களின் ரசனையில் ஆழம் இல்லை என்றார். குறுக்கே ஒரு சத்தமும் இல்லாததால் விவாதம் மிக உயர்ந்த தளத்தில் நடந்தது.

ஆனாலும் குற்றவாளி யாரென்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் அந்தக் கூட்டத்துக்கு ஒருவர் விடாமல் நாங்கள் எல்லோரும் வந்திருந்தோம்.