“என்னைத் தெரியுதா?” என்று கேட்கக் கூடாதாம்

மதிப்புக்குரிய சம்பந்தி தசரதன் அவர்களுக்கு, பட்டாபிராமிலிருந்து தட்சிணாமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது முறை. பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட என் மகன் நிர்மல், உங்கள் மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் கொஞ்சம் சத்தம் கூடினாலும் எழுந்து ஓடுகிறான், கையில் கிடைத்ததை எறிகிறான். அடிபட்ட மூளை தேறும்போது இப்படித்தான் கொந்தளிக்கும், அவன் வேண்டுமென்று செய்வதில்லை என்றார் டாக்டர். அதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மகள் சுவேதா போடும் சட்டத்தைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. டிவி கூடாதாம், ஜன்னலுக்குத் திரையாம், ஒருவர் வெளியே வந்த பிறகுதான் இன்னொருவர் உள்ளே போக வேண்டுமாம், யாரும் அவனிடம் “என்னைத் தெரியுதா?” என்று கேட்கக் கூடாதாம். நம் ஜனங்களுக்கு வேறு எப்படி ஐயா நலம் விசாரிக்கத் தெரியும்? ஹார்லிக்ஸும் ஆப்பிளும் சுமந்துகொண்டு வந்தவன், தன்னைத் தெரிகிறதா என்று தெரிந்துகொள்ளாமல் போவானா?

பூந்தமல்லியிலிருந்து என் அண்ணன் மகன் வேம்புலி குடும்பத்தோடு வந்தான். சுவேதா தடுத்தாள். வீடு யாருடையது? நான் எல்லோரையும் உள்ளே விட்டேன். “இன்னா நைனா, நான் யாரு? சொல்லு பாக்கலாம்!” என்றான் வேம்புலி. அவன் பெண்டாட்டி மங்களம் விடுவாளா? “என்னத் தெரியலியா? உன் கல்யாணத்துல ஆரத்தி எடுத்தது யாரு?” என்று ஆரம்பித்துவிட்டாள். பரீட்சை என்று வந்தபின் நான் மட்டும் சும்மா இருப்பேனா? “அப்பா யாருடா?” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஹவுஸ் ஓனர்” என்றான். நான் சட்டப் புத்தகம் வாங்கிச் சொந்தமாகப் படித்தவன், அத்தாட்சி இல்லாமல் பேச மாட்டேன். அவனுடைய ஆதார் அட்டையை எடுத்து வந்து முகத்துக்கு நேரே நீட்டி, “உன் பேருக்கு முன்னாடி நிக்குதே ‘த’, அது யாருடா?” என்றேன். “வாடகை குடுத்துட்டேன்ல, போய்யா!” என்று ஹார்லிக்ஸ் பாட்டிலை எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினான்.

சுவேதா அவனைப் பிடிக்கவில்லை. “வா, நடக்கலாம், நானும் வரேன்” என்று, அவன் மூச்சு அடங்கும்வரை கூடவே நடந்தாள். பிறகு என்னிடம் வந்து, “இன்னொரு தடவ இப்படி ஓடினா திரும்ப வார்டுதான் மாமா. அங்க கையக் கட்டிலோட கட்டிடுவாங்க. நீங்களும் வெளியவே இருங்க” என்றாள். என் வீட்டில், எனக்கு! ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் வேனில் வருவதாகச் சொன்னீர்களே, தவறாமல் வாருங்கள். வந்து உங்கள் பெண்ணுக்குப் புத்தி சொல்லுங்கள்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு, கோபத்தில் இருந்தாலும், ஆசி.

இப்படிக்கு,
தட்சிணாமூர்த்தி

பின்குறிப்பு: எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், இடது கையால் எழுதுகிறேன். வலது கை நிர்மலிடம் இருக்கிறது. சுவேதா குளிக்கப் போகும்போது என்னை அவன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை. அவனாகவே கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான். மேலே எழுதியது எதையும் அவளிடம் கேட்க வேண்டாம். வேனையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீறி வந்தால் கேட்டில் நான்தான் நிற்பேன். சம்பந்தி என்றும் பார்க்க மாட்டேன்.