வடிவண்ணை என் பெயரை அழித்த கதை

வவுனியாவில் வடிவண்ணையைப் போல யோசிக்கிற மனிசன் அவருக்கு முன்னும் பிறக்கவில்லை, இனியும் பிறக்கப் போவதில்லை. வடிவுக்கும், அதாவது அழகுக்கும், அவருக்கும் சம்பந்தமில்லை. எதற்கெடுத்தாலும் "வடிவா யோசிச்சனீரோ?", நன்றாக யோசித்தீரா, என்று கேட்பதால் வந்த பெயர். தேத்தண்ணிக்குச் சீனி கேட்டால்கூடக் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி அதைக் கேட்பார். ஒருமுறை சலூனில் பக்கத்துக் கதிரைக்காரரிடம் கேட்டுவிட, அந்த மனிசன் பாதி மீசை போன பிறகு யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் நாங்கள் இருவரும் ஒரு கலியாண சேவை அலுவலகத்தில் இருந்தோம். அதன் இணையத்தளத்தை எழுதியவர் அவர். அதில் வந்து சேரும் விண்ணப்பங்களை வாசிப்பவள் நான்.

ஒருநாள் காலை புதிய விண்ணப்பமொன்றைத் திறந்தால், என் பெயர்! கலா. ஊர் ஒட்டுசுட்டான். நிறம், 'வெள்ளை என்றும் சொல்லலாம்.' சமையல், 'கெட்டிக்காரி.' என் குசினிச் சாதனைகளைத் தெரிந்தும் இப்படித் துணிந்து எழுதக்கூடியவர் அப்பா மட்டும்தான். எனக்கோ ஆசிரியர் கலாசாலையில் அப்போதுதான் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை எல்லா விண்ணப்பங்களும் வெளிநாட்டு மாப்பிள்ளை வீடுகளுக்குப் போய்விடும்.

"அண்ணை, இதை அழிச்சு விடுங்கோ!"

"அழிக்க வழி வைக்கேல்லைத் தங்கச்சி. சேர்க்கத்தான் எழுதினனான். அழிக்கிறதெண்டால் இனித்தான் அதுக்கொரு புரோகிராம் எழுத வேணும்."

எழுதினார். ஆனால் ஓடவிடவில்லை. எவையெவை அழியும் என்று முதலில் திரையில் காட்டினார். வன்னியிலுள்ள கலாக்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து நின்றார்கள்.

"பாத்தீரே! உம்மோட சேர்ந்து இத்தனை பேரின்ர கலியாணமும் போயிருக்கும்."

அப்பாவின் பெயரையும் ஊரையும் சேர்த்ததும் நான் மட்டும் மிஞ்சினேன். அப்பாடா என்றிருந்தது. வடிவண்ணையோ கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"ஐயா போட்டதெல்லோ? அவரோட கதைச்சனீரோ?"

"இல்லை."

"அப்ப கதைச்சுப்போட்டு வாரும்."

பஸ்ஸில் ஒட்டுசுட்டான் வரைக்கும் வடிவண்ணையைத் திட்டிக்கொண்டே போனேன். அப்பாவிடம் கலாசாலையைப் பற்றிச் சொல்லி, இப்போதைக்குக் கலியாணம் வேண்டாமென்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் கோபிக்கவில்லை.

"முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை. நீ அங்க தனியக் கிடந்து கஷ்டப்படுறாயெண்டுதான் போட்டனான்."

மறுநாள் அப்பாவும் என்னோடு வந்தார். வடிவண்ணை அவரை இருத்திவிட்டு, "ஐயா, வடிவா யோசிச்சனீங்களோ?" என்றார்.

"தம்பி, இரவு முழுக்க எனக்கு அதுதான் வேலை. அழிச்சு விடும்!"

வடிவண்ணை கண்ணை மூடிக்கொண்டு விசையைத் தட்டினார். 'ஒரு விண்ணப்பம் அழிக்கப்பட்டது' என்று திரை சொன்னது. நான் கதிரையில் சரிந்தேன். அவர் மட்டும் வேர்த்துக் கொட்ட மற்றக் கலாக்களை ஒவ்வொருத்தியாகச் சரிபார்த்தார். எல்லோரும் பத்திரம் என்றான பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அப்பா சிரித்த சிரிப்பில் மனேச்சர் எட்டிப் பார்த்தார்.

நான் கலாசாலைக்குப் போனேன். பிறகு மறுபடியும் சண்டை தொடங்கி ஆளுக்கொரு திசையானோம். வடிவண்ணை இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. எங்கே இருந்தாலும் நல்லாயிருக்க வேண்டும், அந்த மனிசன்.