ஏழு விழுமியங்களும் ஓர் அடைபட்ட கால்வாயும்

விழுமியக்காரர் என்றொரு இனம் நம் ஊரில் உண்டு. மயிலாப்பூர் குளக்கரையில் பார்க்கலாம், பாண்டி பஜாரில் பார்க்கலாம், அடையாற்றில் கொஞ்சம் அடர்த்தியாகவே பார்க்கலாம். அடையாளம் காண்பது சுலபம். தீப்பிடித்த வீட்டை நோக்கி எல்லோரும் வாளியோடு ஓடும்போது, நாம் எதற்காக அணைக்கிறோம் என்பதில் முதலில் ஒரு தெளிவு வேண்டாமா என்று கேட்டபடி நிற்பவர் அவர். கெட்டவரா? இல்லவே இல்லை. பொய் சொல்ல மாட்டார், அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட மாட்டார், கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வருவார். ஒரு வேலையைத் தொடங்குமுன் அந்த வேலையை வழிநடத்தும் விழுமியங்களை எழுதி முடித்துவிட வேண்டும் என்பார், அவ்வளவுதான். எழுதி முடித்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்று தொண்ணூற்றேழாம் ஆண்டு அடையாறு காந்தி நகரில், ஒரு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குக் காணக் கிடைத்தது. பெயர் ஷ்ரவண். வயது இருபத்திரண்டு. படிப்பு முடித்தவன்; கதர் ஜிப்பா, சணல் பை, தாடி வர முயன்றுகொண்டிருந்த முகம். அவனும் அவன் நண்பர்களுமாக இருபத்து மூன்று பேர் சேர்ந்து நடத்திய அமைப்பின் பெயர் புவி வெப்பத் தடுப்பு இளைஞர் பேரவை, அடையாறு கிளை. வேறு கிளை எதுவும் கிடையாது. நாளை உலகமெங்கும் கிளைகள் வந்தால் பெயர் மாற்றும் சிரமம் வேண்டாமே என்று முன்கூட்டியே வைத்தது.

பேரவைக்குத் தலைவர் கிடையாது என்பது முதல் விழுமியம். இதை ஷ்ரவண்தான் முடிவு செய்தான்.

அந்த மாடிக்குத் தேவானை வந்து சேர்ந்தது புரட்டாசி மாதத்தில். அடுத்த தெரு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தவள். வீடு ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியில். பேரவையின் கூட்டக் குறிப்புகளை எழுதும் மஹதி, யாரையோ பார்க்க நர்சிங் ஹோமுக்குப் போனவள், போன வருடம் தேவானையின் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற கதையைக் கேட்டுவிட்டுக் கண் கலங்கி, கூட்டத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பாதிக்கப்பட்டவரின் குரலே முதல் குரல் என்பது மூன்றாம் விழுமியம். மூன்று மாதமாகப் பேரவைக்குப் பாதிக்கப்பட்டவர் ஒருவரும் அகப்படவில்லை.

தேவானை கண் கலங்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். "எத்தினி பேரு கீறீங்க?"

"இருபத்து மூணு பேர்."

இருபத்து மூன்று என்றால் நாற்பத்தாறு கை. மாலை ஷிப்டை வேறொருத்தியிடம் மாற்றிக்கொண்டு அவள் படியேறினாள்.

நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எதிரே, பிளாஸ்டிக் கூடாது என்பதற்காக ரங்கநாதன் தெருவில் வாங்கி வந்த காடாத்துணியில், ஒன்று முதல் ஏழு வரை எண் போட்ட பேனர். முதல் குரலுக்கு முன்னால் விழுமியங்கள் வாசிக்கப்பட வேண்டும் என்பது மரபு. ஒருவர் வாசிப்பார், ஒருவர் விளக்குவார், ஒருவர் விளக்கத்தில் குறை சொல்வார், ஜெயராம் எல்லாவற்றையும் மறுப்பான். எல்லா முடிவும் ஒருமனதாகவே எடுக்கப்படும் என்பது இரண்டாம் விழுமியம் அல்லவா? அப்படிப்பட்ட குழுவில் எதற்கும் சம்மதிக்காதவன்தான் ராஜா. இரண்டாவதைத் தாண்டுவதற்குள் இருட்டிவிடும், கொசு வந்துவிடும், கூட்டம் கலைந்துவிடும்.

இறங்கும்போது கீழ்வீட்டிலிருந்து ஷ்ரவணின் அம்மா ஸ்ரீரஞ்சனி குரல் கொடுப்பாள். "டேய், ஆத்துல குழாய் சொட்டிண்டே இருக்கு. வாஷர் மாத்துடான்னு மூணு வாரமா கத்திண்டிருக்கேன்."

"அம்மா, உலகத்துல நன்னீரே ரெண்டரை சதவீதம்தான் தெரியுமா?"

"அதுல பாதி நம்மாத்துப் பக்கெட்டுல இருக்குடா."

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தேவானை வாசிப்பு முடியக் காத்திருக்கவில்லை.

"நடுவுல பேசறேன்னு கோச்சிக்காத தம்பி. மழைத்தண்ணி ஆத்துக்குப் போற கால்வா ஒண்ணு எங்க பக்கம் கீது. அதோட வாய் அடைச்சிக்கினு கீது. தீபாவளிக்கு மழை வந்துரும். எம்பொண்ணு அன்புக்கரசி இந்த வருஷம் பன்னண்டாவது. போன வருஷம் ரெகார்டு நோட்டெல்லாம் ஊட்டுக்குள்ள மெதந்துச்சி. இந்த வருஷமும் மெதந்தா பிராக்டிகல் மார்க்கு போச்சி. நீங்க இத்தினி பேரும் ஒருநா காலைல வந்து, ஆளுக்கு ரெண்டு மணி நேரம் சேத்தை வாரிப் போட்டா வேல முடிஞ்சிரும்."

மஹதி பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வேகமாக எழுதினாள்.

"மனு குடுத்தீங்களா?" என்றான் ஷ்ரவண்.

"மூணு குடுத்தேன். மூணு சீட்டு குடுத்தாங்க. சீட்ட வச்சி தண்ணிய அடைக்க முடியுமா?"

"அதாவது, தேவானையம்மா, அது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. நாம செஞ்சுட்டா அவங்க தப்பிச்சுடுவாங்க. அப்படித் தப்பவிட மாட்டோம்ங்கறதுதான் அஞ்சாவது விழுமியம்." மிகுந்த மரியாதையோடு, ஏறக்குறைய வலியோடு சொன்னான்.

"கால்வாய்ல என்ன அடைச்சிருக்கு?" என்றாள் மஹதி.

"இன்னா அடைக்கும்? பிளாஸ்டிக் கவருதான்."

இருபத்து மூன்று பேரும் பேனரைப் பார்த்தார்கள். எக்காலத்திலும் உறுப்பினர் கையில் பிளாஸ்டிக் காணப்படாது என்பது நான்காம் விழுமியம். ஜெயராம் முதல்முறையாக எதையும் மறுக்காமல் தலையை மட்டும் ஆட்டினான். மறுப்பதற்கு விழுமியங்களே முந்திக்கொண்டன.

தேவானை கோபித்துக்கொண்டாளா? நர்சிங் ஹோமில் பதினாலு வருடம் கழித்தவளுக்கு அதற்கெல்லாம் கோபம் வராது. நோயாளி வேண்டாம் என்றால் ஆயா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா? முழுங்கும் வழியைத்தான் தேட வேண்டும்.

அப்போது பதினோராம் நம்பர் அறையில் சண்முகசுந்தரம் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருந்தார். மாத்திரை சாப்பிடுங்கள் என்றால், யார் எழுதியது, ஏன் எழுதியது, ரத்த அழுத்தம் என்பதற்கு முதலில் இலக்கணம் சொல் என்று நர்சுகளை ஓட ஓட விரட்டுவார். தேவானை ஒருநாள் உள்ளே போய், "ஐயா, பக்கத்து ரூம்புல ஒருத்தரு மாத்திரைய முழுங்கத் தெரியாம முழிச்சிக்கினு கீறாரு. எப்டின்னு நீங்க ஒருவாட்டி காட்டுனீங்கன்னா நான் போயி சொல்லிக் குடுப்பேன்" என்றாள். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலில் ஒரு வாய் தண்ணீர், பிறகு நாக்கின் நடுவில் மாத்திரை, மோவாய் இந்த அளவுக்குத் தாழ்வாக என்று விளக்கியபடியே முழுங்கிக் காட்டினார். அன்றிலிருந்து தினம் மூன்று வேளை காட்டினார். பக்கத்து அறையில் ஆளே இல்லை.

நான்காவது ஞாயிறு தேவானை கொஞ்சம் சீக்கிரமாகவே வந்து பேனரின் அடியைப் பார்த்தாள். ஏழு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வெறும் துணி.

"ஏழாவது எங்க தம்பி?"

"அது செயல் பத்தினது. வார்த்தை இன்னும் சரியா அமையல. அதுல மட்டும் அவசரப்படக் கூடாதுன்னு வச்சிருக்கோம்."

"நான் ஒண்ணு சொல்லட்டா?"

முதல் குரல், யாரால் மறுக்க முடியும்?

"சத்தியம் பண்றவங்க சூடத்தத் தொட்டுப் பண்றாங்க. நீங்க மண்ணுக்காக சத்தியம் பண்றீங்க, சிமெண்டுத் தரைல நின்னுக்கினு. அது ஒட்டுமா? ஆளுக்கு ஏழும் சொல்லணும். ஒவ்வொண்ணு சொல்லி முடிக்கும்போதும் ஒரு பாண்டு சட்டி நெறைய சேத்த ரெண்டு கையால அள்ளி கரைக்கு மேல வைக்கணும். அப்பத்தான் அது சத்தியம்."

மஹதியின் பேனா நின்றுவிட்டது. "சேத்துல உறுதிமொழி…" என்று ஷ்ரவண் முணுமுணுத்தான். நான்கு மாதமாகத் தேடிய வார்த்தை கிடைத்துவிட்ட முகம்.

ஜெயராம் எழுந்தான். "ஒரு விஷயம் தெளிவாகணும். இது வேலையா, குறியீடா?"

"வேலையா? சேச்சே!" என்றாள் தேவானை. "வேலன்னா கூலி கேக்க மாட்டாங்களா நைனா?"

ஜெயராம் யோசித்தான். "அப்படின்னா எனக்கு ஆட்சேபணை இல்ல."

பேரவையின் வரலாற்றில் முதல் ஒருமனதான முடிவு. ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் அதையே எழுதினார்கள். இடம் எங்கே என்ற கேள்வி வந்தது. ஆற்றங்கரையில் ஓர் இடம் தெரியும், சேறு நல்ல சேறு என்று தேவானை பணிவாகச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு இருபத்து மூன்று பேரும் கால்வாய்க் கரையில் பேனரோடு நின்றார்கள். பக்கத்துக் குடிசை முருகையன் மண்வெட்டிகளும் இரும்புப் பாண்டுகளும் கொண்டுவந்து இறக்கினான்.

"இன்னாக்கா, ஷூட்டிங்கா?"

"கம்முனு கெட. உள்ள எறங்கி வெட்டிக் குடு. அவங்க சத்தியம் பண்ணுவாங்க."

முதலில் இறங்கியவன் ஷ்ரவண். முழங்கால் வரை சேற்றில் நின்று முதல் விழுமியத்தை அதன் தத்துவப் பின்னணியோடு விளக்கி, ஒரு பாண்டைத் தூக்கிக் கரையில் வைத்தான். அந்தப் பாண்டு கனத்தது. நாற்றம் அதைவிடக் கனத்தது. இரண்டாம் விழுமியத்தில் தத்துவம் குறைந்தது. ஐந்தாம் ஆள் இறங்குவதற்குள் விழுமியங்கள் தந்தி வாசகமாகச் சுருங்கிவிட்டன, பத்தாம் ஆளுக்கு, "ஒண்ணு! ரெண்டு! மூணு!" என்பதற்குமேல் மூச்சில்லை. எழுதத் தொடங்கி நான்கு மாதத்தில் இவ்வளவு தெளிவாக அவை ஒருநாளும் இருந்ததில்லை.

மஹதி ஒரு கொத்துப் பாலிதீனைத் தூக்கிவிட்டு அப்படியே நின்றாள். "தேவானையம்மா, இது பிளாஸ்டிக்!"

"மேல சேறு கீதில்ல? சேறுன்னு நெனச்சி வை கண்ணு."

நூற்று அறுபத்தொரு பாண்டு. அப்படியும் கால்வாயின் வாய் திறக்கவில்லை. அங்கே யாரோ போட்ட இலவம்பஞ்சு மெத்தை ஒன்று ஊறி, உப்பி, கல்லாகிக் கிடந்தது. வாசிக்க விழுமியமும் மீதியில்லை. தேவானை ஒரு கணம் தடுமாறினாள். மகளின் நோட்டுகள் முழுக்க அந்த மெத்தைக்குப் பின்னால் சிக்கியிருப்பதுபோல் இருந்தது. பிறகு, "இது பேரவை மொத்தத்துக்கும் சேத்து ஒரு சத்தியம்" என்றாள்.

ஷ்ரவணும் ஜெயராமும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். முருகையன் நடுவில். மற்றவர்கள் அவர்கள் இடுப்பைப் பிடித்தார்கள். மெத்தை ஒரு பெருமூச்சோடு பெயர்ந்து வர, பின்னால் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் சரசரவென்று ஆற்றை நோக்கி ஓடியது.

"போறது! மச்சி, தண்ணி போறதுடா!" என்று ஷ்ரவண் சின்னப் பையனைப்போலக் கத்தினான். ஜிப்பா, தாடி, விழுமியம் எதுவும் அப்போது நினைவில் இல்லை. அந்த ஒரு நிமிடம் அவன் மிக அழகாக இருந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தீபாவளியை ஒட்டி மூன்று நாள் அடித்துப் பெய்தது. தண்ணீர் தேவானையின் வாசல்படி வரை வந்து பார்த்துவிட்டு, கால்வாய் வழியே போய்விட்டது. அன்புக்கரசி உள்ளே உட்கார்ந்து, வீட்டில் ஓடும் கரப்பான்பூச்சியைப் பார்த்துப் பார்த்து ரெகார்டு நோட்டில் அதன் செரிமான மண்டலத்தை வரைந்து கொண்டிருந்தாள். நோட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை.

மழை விட்ட ஞாயிறு, நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று தேவானை மாடியேறினாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விவாதம் உச்சத்தில் இருந்தது. கால்வாய் திறந்துகொண்ட காரணத்தால் நடந்தது குறியீடு அல்ல, வேலையே என்று ஜெயராம் நிரூபித்திருந்தான். ஆகவே ஐந்தாம் விழுமியம் மீறப்பட்டது. ஆகவே பேரவை தன்னைத்தானே வன்மையாகக் கண்டிக்கிறது. ஷ்ரவண் முன்மொழிந்தான். ஒருமனதாக நிறைவேறியது.

"நல்லது தம்பி" என்றாள் தேவானை. "ஆனா அந்தச் சத்தியம் வருஷா வருஷம் புதுப்பிச்சாத்தான் பலிக்கும். புரட்டாசில வச்சிக்கலாம். எழுதிக்கமா மஹதி." மஹதி எழுதிக்கொண்டாள்.

படியிறங்கும்போது ஸ்ரீரஞ்சனி வழிமறித்து மெல்லக் கேட்டாள். "எப்படிம்மா இவாள வேலை வாங்கினேள்? எங்காத்துக் குழாய்க்கும் ஒரு விழுமியம் சொல்லுங்கோளேன்."

விழுமியக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நீங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர் இல்லை என்று இப்போது நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். இருக்கட்டும். ஆறாவது விழுமியம் என்ன என்று கடைசிவரை சொல்லப்படவில்லையே என்று நடுவில் எங்காவது தோன்றியதா? திரும்பப் போய் எண்ணிப் பார்த்தீர்களா? நீங்களாகவே ஒன்றைப் பொருத்தமாக எழுதிச் சேர்த்தும் விட்டீர்களா?

சரி. உங்கள் தெருக் கால்வாய்க்கு வாய் எந்தப் பக்கம் இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்.