வேன் நிறைய நோன்பாளிகளும் ஒரு பாட்டில் ரத்தமும்

எனக்கு வாயில் மட்டும்தான் வீரம். இதை நான் ஒப்புக்கொள்வதற்கு, என் தங்கை பரிதாவின் உயிர் ஊசலாடிய ஒரு ரமலான் மத்தியானம் தேவைப்பட்டது.

அப்போது அவள் எட்டு மாதக் கர்ப்பம். மாப்பிள்ளை சவூதியில். பிரசவத்துக்காக உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா, வேகாத வெயிலில் வீடு தேடி வந்து சொன்னார்: "ஸ்கேன்ல நஞ்சுக்கொடி கீழ இறங்கியிருக்கு தம்பி. ரத்தமும் ஓ நெகட்டிவ், லேசுல கிடைக்காது. பெரியாஸ்பத்திரியில முன்கூட்டியே காட்டி வச்சிருங்க."

"அங்கன ஒரே கட்டில்ல ரெண்டு பேரைப் படுக்க வைப்பாக. எங்க வீட்டுப் பிள்ளைக்கு என்ன தலையெழுத்தா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். (ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறவனுக்குப் பிரசவத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது.) ஏசி அறை இருக்கிற ஒரு தனியார் நர்சிங் ஹோமில் பெயரைப் பதிந்தேன்.

ஒரு நாள் காலையில் பரிதாவுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். "நம்மால முடியாது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றார். ஏசி மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

108 வந்தது. ஏறியதுமே ஊருக்குப் போன் போட்டு, "ஏலே, ரத்தம் குடுக்க ஆள் வேணும், கிளம்பி வாங்கடா!" என்று கத்தினேன். சின்னமனூர் தாண்டும்போது பரிதா என் கையைப் பிடித்தாள். "அண்ணே, நான் செத்துருவேனா?" ஊருக்கே பஞ்சாயத்து பேசுகிற நான், முன்னால் திரும்பி, "டிரைவரண்ணே, வேகமாப் போங்க" என்றேன்.

பெரியாஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் இருந்தது. தள்ள ஆளில்லை. ஒரு சக்கரம் வேறு சுற்ற மாட்டேன் என்றது. செல்லையா என்று யாரோ கூப்பிட, காக்கிச் சட்டை போட்ட வார்டு ஊழியர் ஒருவர் ஆடி அசைந்து வந்தார். "தள்ளிருவோம். டீச் செலவுக்குப் பாத்துக் குடுங்க."

இங்கே வந்ததய்யா எனக்கு வீரம்! செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டே, "உலகம் பூரா போடுறேன்! நாளைக்கு உனக்கு வேலை இருக்காது!" என்று கத்தினேன். அவர் கேமராவைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். "போட்டுக்கங்க. மொதல்ல அந்தப் பக்கம் பிடிங்க." இரண்டு பேருமாகத் தள்ளினோம்.

உள்ளே இருந்த டாக்டரம்மா, முன்பணமா, ரேஷன் கார்டா, ஒன்றும் கேட்கவில்லை. "உடனே ஆபரேஷன். ஓ நெகட்டிவ் ஒரு பாட்டில்தான் இருக்கு. ஆளைக் கூட்டிட்டு வாங்க, ஓடுங்க!"

அதற்குள் வேன் வந்துவிட்டது. பாசக்காரப் பயல்கள், பெரியத்தா மகன்களும் மச்சான்களுமாக எட்டுப் பேர் குதித்து இறங்கினார்கள். ரத்த வங்கியில் இருந்த அம்மா முதல் ஆளைக் கேட்டார்: "என்ன சாப்பிட்டீங்க?"

"நோன்புங்க."

அடுத்தவனும் நோன்பு. எட்டுப் பேரும் நோன்பு. "வெறும் வயித்துல எடுக்க மாட்டோம்" என்றார் அந்த அம்மா. ரமலான் மாதம் பட்டப்பகலில் வேன் நிறைய நோன்பாளிகளை ரத்தம் கொடுக்க வரவழைத்த அறிவாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குரூப்பு அதைவிட மோசம். எட்டுப் பேரும் பாசிட்டிவ்.

ஓ நெகட்டிவ் நான் மட்டும்தான். நானும் நோன்பு. "உயிரைக் காப்பாத்த நோன்பை விடலாம், போ" என்று பெரியத்தா மகன் என்னைக் கேன்டீனுக்குத் தள்ளினான். நாலு இட்லி, இரண்டு வடை, ஒரு ஜூஸ். எட்டு நோன்பாளிகளும் வரிசையாக நின்று, நான் தின்பதையே பார்த்தார்கள். திரும்பி வந்து கையை நீட்டி, "எவ்வளவு வேணும்னாலும் எடுங்க" என்றேன்.

அந்த அம்மா என் விரலில் குத்தி, ஒரு சொட்டை நீல மருந்துத் தண்ணீரில் விட்டார். சத்துள்ள ரத்தம் என்றால் முங்க வேண்டுமாம். என்னுடையது ஜம்மென்று மிதந்தது. தொண்ணூறு கிலோ உடம்பு, ரத்தத்தில் சத்தே கிடையாது! "உங்களுக்கே ஒரு பாட்டில் ஏத்தணும் போல சார்" என்றார்.

நடைபாதையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். வீடு தேடி வந்து சொன்ன நர்சம்மாவை நானேதான் விரட்டினேன். என் தங்கச்சியை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"என்ன குரூப்பு வேணுமாம்?"

நிமிர்ந்து பார்த்தேன். செல்லையா. சொன்னேன். "அட, நம்ம குரூப்புதான்" என்று சட்டைக் கையை மடக்கிக்கொண்டு உள்ளே போனார். ரத்த வங்கி அம்மா ஆச்சரியமே படவில்லை. "போன தடவை குடுத்து நாலு மாசம் ஆச்சா செல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார். "ரெண்டு உயிரும் பிழைச்சிருச்சு. ஆனா கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாப் போச்சு. முன்னாடியே வந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை முடித்துக்கொண்டிருக்கிறேன்.

பரிதாவை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தது செல்லையாதான். முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "பொம்பளப் பிள்ளை. டீச் செலவுக்குப் பாத்துக் குடுங்க" என்றார். பையில் இருந்ததையெல்லாம் எடுத்து நீட்டினேன். டீக்கு வேண்டியதை மட்டும் உருவிக்கொண்டு, "வீடியோவைப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. அழிச்சுட்டேன்."

"அடடா! அந்தச் சக்கரமும் அதுல விழுந்திருக்குமே. மாத்தச் சொல்லி எழுதி எழுதிக் கையே ஓஞ்சுபோச்சு, நாலு பேர் பாத்தாலாவது மாத்துவாகன்னு நெனச்சேன்" என்று சலித்துக்கொண்டு போனார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. நான் வீட்டில் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "மாமா, உங்க ரத்தம் மிதக்குமாமே?" என்று கேட்டுவிடுவாள். வீடே சிரிக்கும்.

போன பெருநாளன்று எல்லோரும் பிரியாணிக்கு உட்கார்ந்திருக்கும்போது அவள் வேறொன்று கேட்டாள். "எல்லாருக்கும் தம்பி இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இல்ல மாமா?"

நான் தட்டில் இருந்த பிரியாணியைக் கிளறிக்கொண்டிருந்தேன். பரிதா சட்டென்று மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். "அது கிடக்கட்டும். ஒரு வேன் நிறைய நோன்பாளிகளை உங்க மாமா ரத்தம் குடுக்கக் கூப்பிட்ட கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் என்னைக் காப்பாற்றத்தான் அந்தக் கதையைச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நானும் சேர்ந்து சிரித்தேன்.