பெஞ்ச் வைஸ் பணியிடம் – ஒன்று

மண்டலக் காவற்பணி வாரியத்தின் ஆயுதப் பராமரிப்பு நிலையம் நெய்வேலி நகரியத்தில் பதினாறாம் பிளாக்கில், இரண்டு வேப்பமரங்களுக்கும் ஒரு ஒழுகும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே அமைந்திருந்தது. சுற்றுவட்டார வங்கி வாசல்களிலும் வெடிமருந்துக் கிடங்குகளிலும் காவல் நிற்பவர்களின் துப்பாக்கிகள் பழுதானால் இங்கேதான் வந்து சேரும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு துப்பாக்கிகள். அவற்றைப் பழுது பார்க்க ஒருவர். பழுது பார்க்கப்பட்டதா என்று பார்க்கப் பதினேழு பேர்.

அந்த ஒருவர் சந்தியாகு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். 2014ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, அவருடைய பட்டறை மேசையில் இருந்த வைஸ் உடைந்தது.

வைஸ் என்பது மேசை விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் இரும்புப் பிடி. கைப்பிடியைத் திருகினால் இரண்டு தாடைகளும் நெருங்கி வந்து சாமானைக் கவ்விக்கொள்ளும். துப்பாக்கி வேலையில் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. குழலைப் பிடிக்க வேண்டும். நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது, ஒரு கீறல்கூட விழக் கூடாது. இருபத்தாறு வருஷம் இதையெல்லாம் செய்த பழைய வைஸ், ஒரு துருப்பிடித்த ஆணியைத் தட்டும்போது, தாடையோடு கழன்று சந்தியாகுவின் செருப்பின் மேல் விழுந்தது.

மறுநாள் அவர் கடலூருக்கு பஸ் ஏறினார். இரும்புக்கடை மாணிக்கம்மாள் வைஸ்களை வரிசையாக எடுத்து வைத்தாள்.

"யாருக்கு? வெல்டிங் பட்டறைக்கா, சைக்கிள் கடைக்கா?"

"துப்பாக்கிக்கும்மா."

மாணிக்கம்மாள் வைத்ததையெல்லாம் திருப்பி உள்ளே தள்ளிவிட்டு, பரண்மேல் ஆளை ஏற்றி வேறு ஒன்றை இறக்கினாள்.

சந்தியாகு பெண் பார்க்க வந்தவர் போல அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுத்தியலால் லேசாகத் தட்டினார். வார்ப்பிரும்பு என்றால் தொப்பென்று சத்தம் வரும். இது மணி மாதிரி கணீரென்றது. கைப்பிடியைத் திருகினார், ஆட்டமில்லை. பஸ் டிக்கெட்டைத் தாடைகளுக்கு நடுவே கொடுத்து இறுக்கி, நாலு மூலையிலும் இழுத்துப் பார்த்தார். டிக்கெட் கிழிந்ததே தவிர வரவில்லை. கடைசியாக அடிப்பாகத்தைப் பிடித்துத் திருப்பினார். எதிர்ப்பில்லாமல் முழுவட்டம் சுற்றியது.

"குழல்ல கீறல் விழாம இருக்க, தாடைக்குச் செப்புத் தகடு ஒரு ஜோடி தரேன்" என்றாள் மாணிக்கம்மாள். "உன் பேரன் காலத்துக்கும் உழைக்கும்."

சந்தியாகு விலைப்பட்டியல் வாங்கிக்கொண்டு வந்து, அன்று மாலையே திருத்தமான கையெழுத்தில் விண்ணப்பம் எழுதினார்.

"பொருள்: பெஞ்ச் வைஸ் – ஒன்று – தேவை – தொடர்பாக. மேற்படி வைஸ் உயர்தரமானதாக இருக்க வேண்டும். பிடித்ததை விடக் கூடாது. திருப்பிய பக்கமெல்லாம் திரும்ப வேண்டும். தலையில் அடித்தாலும் தாங்க வேண்டும். சத்தமில்லாமல் வேலை செய்ய வேண்டும். நீண்ட நாள் உழைக்க வேண்டும்."

இதில் ஒரு சொல்லும் பிழையில்லை. பிழையில்லாமல் எழுதியதுதான் பிழையாகப் போயிற்று.

விண்ணப்பம் கொள்முதல் பிரிவுக்குப் போனது. அங்கே எழுத்தர் சந்திரா பொருட்களின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். வாளி இருந்தது, வார்னிஷ் இருந்தது, விளக்குமாறு இருந்தது. வைஸ் இல்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அதை வாங்கியபோது எழுதிய பட்டியல் கரையானுக்குப் போய்விட்டது. அவள் யோசித்தாள். வாரியத்தில் வைஸ் என்று யார் யார் இருக்கிறார்கள்? வைஸ் சேர்மன் இருக்கிறார். பயிற்சிக் கல்லூரியில் வைஸ் பிரின்சிபால் இருக்கிறார். இரண்டும் ஆட்கள். எனவே, "இது பணியிடம் தொடர்பானது, பணியமைப்புப் பிரிவின் கனிவான பரிசீலனைக்கு" என்று குறிப்பெழுதி அனுப்பினாள்.

பணியமைப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் மருதாசலம் முப்பது வருஷ சர்வீஸ் உள்ளவர். எந்தத் தாளையும் ஒரே நாளில் படித்து முடிப்பது தாளுக்குச் செய்யும் அவமரியாதை என்று கருதுபவர். நாலு மாதம் கழித்து அவர் சந்தியாகுவைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீங்க கேக்கிற வைஸ், எந்தத் தலைவருக்கு வைஸ்?"

"தலைவருக்கு இல்லீங்க சார். பெஞ்சுக்கு."

"அப்ப தலைவர் இல்லாத வைஸ்." மருதாசலம் எழுதிக்கொண்டார். "சுயாதீனப் பணியிடம். கல்வித் தகுதி?"

"சார், அது இரும்பு சார்."

"அதான் விண்ணப்பத்துலயே தெரியுதே. தலையில அடிச்சாலும் தாங்கணும்னு போட்டிருக்கீங்க." அவர் அதையும் எழுதினார்: உடற்தகுதி – இரும்பு போன்றது.

"சார், கடையில விக்கிற சாமான் சார் அது. நான் விலைப்பட்டியலே இணைச்சிருக்கேன்."

மருதாசலம் விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தார். அடியில் இருந்த தொகையை விரலால் தொட்டார். "தொகுப்பூதியம் கொஞ்சம் கம்மியா இருக்கு. பரவாயில்ல, ஒப்பந்தப் பணியிடந்தானே. வருவாங்க."

சந்தியாகு விளக்கம் கேட்டு ஒரு கடிதம், விளக்கம் கொடுத்து இரண்டு கடிதம், நினைவூட்டி ஐந்து கடிதம் எழுதினார். எல்லாம் அந்தக் கோப்பிலேயே சேர்ந்து கோப்பைக் கனமாக்கின. கனமான கோப்பு முக்கியமான கோப்பு என்பதால் அது தலைமையகத்துக்குப் போய், வேகமாக ஒப்புதல் பெற்றது. அதுவரை அவர் துப்பாக்கிகளைச் சைக்கிள் டியூபால் சன்னல் கம்பியில் கட்டி வேலை பார்த்தார். சன்னல் கம்பி வளைந்ததற்காகக் கட்டடப் பிரிவிலிருந்து ஒரு குறிப்பாணை வந்தது.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் முதல் தேதி, முதல் ஷிப்ட் சங்கு ஊதிய கையோடு, பட்டறை வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். கதவை அடைக்கும் உடம்பு. கக்கத்தில் ஒரு பண்ருட்டிப் பலாப்பழம்.

"வணக்கங்க சார். நான் பழனிவேலு. பெஞ்ச் வைஸ்ஸுங்க."

சந்தியாகு அவன் நீட்டிய நியமன ஆணையை வாங்கி இரண்டு தடவை படித்தார். முத்திரை சரியாக இருந்தது.

"எந்த ஊரு?"

"சேத்தியாத்தோப்பு பக்கங்க. நெல்லிக்குப்பம் ஆலையில கரும்பு எறக்கிக்கினு இருந்தேங்க. பேப்பர்ல பாத்துட்டு மச்சான் எழுதிப் போடச் சொன்னான்."

"இன்டர்வியூவுல என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கலீங்க. மூணு சாருங்க இருந்தாங்க. கையக் குலுக்கச் சொன்னாங்க. மூணாவது சாருக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சிங்க. செலக்ட்டுன்னுட்டாங்க."

"பழனிவேலு, உனக்கு என்ன வேலைன்னு தெரியுமா?"

"அது நீங்க சொல்லணுங்க சார். வூட்ல சின்னம்மா தெருவுக்கே கேசரி கிண்டிக் குடுத்துட்டாங்க. எங்க தெருவுல கவர்மென்ட்டு ஆர்டர்ல பேரு வந்த மொத ஆளு நாந்தாங்க."

சந்தியாகு அந்த முகத்தைப் பார்த்தார். அப்பா, பாட்டன் எல்லாரும் அடுத்தவர் வயலில் அறுத்துக் கட்டிச் சுமந்த வீட்டு முகம். நீ ஒரு இரும்புச் சாமான், உன்னைத் தவறுதலாக எடுத்துவிட்டார்கள் என்று அந்த முகத்திடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"இந்தக் குழல இப்பிடிப் பிடிச்சிக்க" என்றார்.

பழனிவேல் பிடித்தான். அப்படி ஒரு பிடியை சந்தியாகு தம் சர்வீஸில் பார்த்ததில்லை. நழுவவில்லை, நசுங்கவில்லை, கீறலும் இல்லை. ஒரு வருஷமாகத் தேங்கிக் கிடந்த துப்பாக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போயின. பழனிவேல் காலை எட்டிலிருந்து மேசை ஓரத்தில் அசையாமல் நிற்பான். சந்தியாகு 'திரும்பு' என்றால் திரும்புவான். மூக்கில் ஈ உட்கார்ந்தால் சந்தியாகுதான் ஓட்ட வேண்டும்.

ஆண்டுக் கடைசியில் பணித்திறன் அறிக்கைப் படிவம் வந்தது. சந்தியாகு நிரப்பி அனுப்பினார். பிடி: மிக நன்று. சுழற்சி: நன்று. துரு: இல்லை.

ஆனால் மனிதக் கை மனிதக் கைதான். மார்ச் மாதம், இறுகிப்போன ஒரு திருகைக் கழற்றும்போது குழல் சட்டென்று சுழன்று பழனிவேலின் உள்ளங்கையைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அவன் சொன்னான்: "ஒண்ணுமில்லீங்க சார். இன்னொரு கை இருக்குதுல்ல."

சந்தியாகு நேராக மருதாசலத்திடம் போனார்.

"சார், இது மனுஷன் பண்ற வேலையில்ல. அந்த ஆளு கை போயிடும். தப்பு நடந்துபோச்சுன்னு எழுதிடலாம் சார். அவனுக்கு வேற வேலை குடுத்துட்டு, நல்ல வைஸா ஒண்ணு வாங்கிடலாம்."

மருதாசலம் அறைக்கதவைச் சாத்தினார். கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். அது தலையணை உயரம் இருந்தது.

"இதுல அம்பத்திரண்டு கையெழுத்து இருக்கு. தப்புன்னு எழுதினா அம்பத்திரண்டு பேரு தப்பு. அதுல ரெண்டு பேரு இப்ப டைரக்டர். வேற வேலை குடுக்க வேற பணியிடம் இல்ல, அதனால மொத நாளே அந்தப் பையன் வூட்டுக்குப் போவான். மனுஷனை வைஸா பயன்படுத்தினதுக்கு உங்க மேல தனியா விசாரணை. எழுதலாமா?"

சந்தியாகு எழுதவில்லை. சனிக்கிழமை கடலூருக்குப் போய், பார்த்து வைத்த அதே வைஸைத் தன் கைக்காசில் வாங்கினார். "ரெண்டு வருஷமாவா யோசிச்சிக்கினு இருந்தே?" என்று கேட்டாள் மாணிக்கம்மாள். செப்புத் தகடுகளைச் சும்மாவே கொடுத்தாள். சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்து, பழனிவேலும் அவருமாக மேசையில் பொருத்தினார்கள். சந்தியாகுவின் தொடையில் இரண்டு நாள் நீலம் இருந்தது.

பழனிவேல் கைப்பிடியைத் திருகிப் பார்த்தான்.

"எம் ஆர்டர்ல போட்ட பேரு இதோடதுதாங்களா சார்?"

"ஆமாடா."

"நல்லாத்தாங்க இருக்குது" என்றான். "என்னைவிட நல்லாப் பிடிக்குதுங்க."

அன்றிலிருந்து இரும்பு வேலை செய்தது. பழனிவேல் தினம் காலையில் அதற்கு எண்ணெய் போட்டு, துடைத்து, யாராவது வரும் சத்தம் கேட்டால் சாக்கை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொள்வான்.

மே மாதம் தலைமையகத்திலிருந்து ஆய்வுக்குழு முன்னறிவிப்பில்லாமல் வந்தது. தலைமை ஆய்வாளர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சாக்கை விலக்கினார்.

"இது என்ன?"

பொய் சொல்ல நேரமில்லை. "பெஞ்ச் வைஸ் சார்" என்றார் சந்தியாகு.

ஆய்வாளர் பட்டியலைப் பார்த்தார். "பெஞ்ச் வைஸ் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை ஒன்று. பேரு பழனிவேல். இதுக்கு ஆர்டர் இருக்கா?"

"இல்லீங்க சார்."

"போட்டோ ஒட்டின அடையாள அட்டை?"

"சார், இது வேலை செய்யுது சார். வந்து பாருங்க." சந்தியாகு ஒரு குழலை இறுக்கி, இரண்டு கையாலும் தொங்கிக் காட்டினார். "பாருங்க சார். இதுதான் சார் வைஸ்."

ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அறிக்கையில் எழுதினார்: "உரிய நியமன ஆணையின்றி ஓர் இரும்புப் பொருள், வாரியத்தின் அங்கீகரிக்கப்பட்ட பெஞ்ச் வைஸின் பணியைச் சட்டவிரோதமாகச் செய்து வந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அது உடனடியாக வெளியேற்றப்பட்டது. இத்தகைய ஊடுருவலுக்குக் காரணம் பணியிடம் நிரந்தரமின்றி இருப்பதே."

நாலு பேர் சேர்ந்து வைஸைக் கழற்றிக்கொண்டு போய் கேட் அறையில் சிறைவைத்தார்கள். பதினைந்தாம் நாள் பழனிவேலுக்கு நிரந்தர ஆணை வந்தது. குவார்ட்டர்ஸும் வந்தது. அவன் சின்னம்மா இந்தத் தடவை பிளாக்குக்கே கேசரி கிண்டினாள். சந்தியாகுவுக்கு ஒரு விளக்கம் கேட்கும் குறிப்பாணை வந்தது.

செய்தி நகரியத்தில் பரவியது. ஒரு வைஸ் நிரந்தரமாகியிருக்கிறார் என்றால் எல்லா நிலையங்களுக்கும் வைஸ் வேண்டும் என்று சங்கங்கள் கேட்டன. எல்லாச் சங்கங்களும் ஒன்றாகக் கேட்டது சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. வாரியம் நாற்பது பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. இருபத்தைந்து நாளில் பதினோராயிரம் விண்ணப்பம். அவற்றில் ஆறாயிரம் பேர் எஞ்சினியர்கள்.

மெயின் பஜாரில் 'உறுதி வைஸ் அகாடமி' திறந்தார்கள். காலை பேட்சில் மணிக்கட்டுப் பயிற்சி, மாலை பேட்சில் அசையாமல் நிற்றல், ஞாயிறு அன்று ஆளுமை வளர்ச்சி. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு பிடியின் அளவையும் எழுதிக் கொடுத்தார்கள். இளைஞர்கள் டீக்கடையில் டம்ளரைக் கீழே வைக்காமல் முக்கால் மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருதாசலம் அகாடமியில் சிறப்பு வகுப்பு எடுத்தார். தலைப்பு: 'வைஸ் பணி – ஒரு முன்னோடியின் பார்வையில்'.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் சந்தியாகு வீட்டுக்கு வந்தார். மகள் ஜெப்ரின் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்து மூன்று வருஷமாகிறது. கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

அவள் தலைப்பைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, இது இரும்புச் சாமான்பா. கடையில போயி நீயே வாங்கிக்கினு வந்தியே."

"ஆமா."

"மனுஷங்க செய்யிற வேலையே இல்லன்னு நீதானே சண்டை போட்டே?"

"ஆமாம்மா."

"அப்புறம்?"

சந்தியாகு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இட ஒதுக்கீட்டுல பெண்களுக்குப் பன்னெண்டு இடம் இருக்கு" என்றார்.

ஜெப்ரின் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு வலது கையை நீட்டி, விரல்களை மெல்ல மடக்கி, ஒரு தரம் இறுக்கிப் பார்த்தாள்.