பொருள் எண் பதினாலும் ஒரு 'வாங்க'வும்

வெள்ளைக்காரர்கள் நடத்தும் டன்ஸ்லி ஊர் மன்றம், அந்த மண்ணின் பூர்வகுடி மக்களோடு நல்லிணக்கம் கொள்வதென்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. வழவழப்பான தாளில் அறுபத்து நாலு பக்கத் திட்டம் அச்சாகி வந்தது. யாரோடு நல்லிணக்கம் என்பது மட்டும் முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது.

அந்த யாரில் ஒருத்திதான் மெர்ல். எழுபத்திரண்டு வயசு. ஊரே ஆன்டி மெர்ல் என்று கூப்பிடும். மன்றத்தாரும் அப்படியே கூப்பிட வேண்டும் என்று பத்தொன்பதாம் பக்கத்தில் விதி இருந்தது. உறவு கொண்டாடுவதில் அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆன்டி கேட்டதெல்லாம் ஒரு தண்ணீர்க்குழாய். பூர்வகுடிகளை அடைத்துவைக்கப் பாதிரிமார் கட்டிய பழைய மிஷன் குடியிருப்புக்குப் பின்னால் அவள் சனங்களின் இடுகாடு. அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் மைதானம். அங்கே புல்லுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் சுற்றிச் சுற்றி அடிக்கும். வருகிற பிப்ரவரியில், போய்ச் சேர்ந்த தங்கச்சி ஜோய்ஸுக்குக் கல்லறைக் கல் வைக்கிறார்கள். வெயிலில் நூறு சொந்தம் வந்து நிற்கும். கைகழுவ வேண்டாமா, தொண்டை நனைக்க வேண்டாமா? மனு எழுதிக் கொடுத்தாள். மன்றத்தின் நிகழ்ச்சிநிரலில் அது பொருள் எண் பதினாலு ஆயிற்று.

மன்றம் மாதம் ஒருமுறை இரண்டு மணிக்குக் கூடும். ஐந்து மணிக்கு அந்த மண்டபத்தில் நடன வகுப்பு, எழுந்து கொடுத்துவிட வேண்டும். முதலில் மேயர் லெஸ்லி ஹாக்கின் இந்த நிலத்தின் மக்களுக்கும் மூதாதையருக்கும் வணக்கம் சொல்வார். அவர் மட்டும் சொன்னால் மற்றவர்களுக்கு மரியாதை இல்லை என்று ஆகிவிடுமே என்று எட்டு உறுப்பினர்களும் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒருவர் ஆற்றைச் சேர்த்தார். அடுத்தவர் ஆற்றோடு மீனையும் சேர்த்தார். ஒரு அம்மாள் சொல்லும்போதே அழுதுவிட்டதால் அவருக்காக ஒரு இடைவேளை விட்டார்கள். பொருள் எண் ஒன்பது வரும்போது நடனக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். மிச்சம் ஒத்திவைக்கப்பட்டது.

மூன்று மாதம் இப்படி. ஆன்டி பின்வரிசையில் உட்கார்ந்து, தன்னை வணங்குவதை ஒன்பது முறை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள்.

நாலாம் மாதம் மன்றத்துக்கு இன்னும் மரியாதை பொங்கியது. 'இனி நிலத்தின் மக்களில் ஒருவர் வாயால் வரவேற்காமல் எந்தக் கூட்டமும் தொடங்கலாகாது' என்று தீர்மானித்தார்கள். வரவேற்க ஆன்டி மெர்ல் நியமிக்கப்பட்டாள்.

செப்டம்பர் கூட்டம். ஆன்டி எழுந்து நின்றாள். கைப்பையை நாற்காலியில் வைத்தாள்.

"வரவேற்கலாமே ஆன்டி," என்றார் மேயர்.

"என் குழாய் என்னாச்சு லெஸ்?"

"அது பதினாலாவது பொருள் ஆன்டி."

"அப்போ சரி, நானும் பதினாலாவதா வாங்கன்னு சொல்றேன்."

மேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க வாங்கன்னு சொன்னாத்தான் கூட்டமே ஆரம்பிக்கும். ஆரம்பிச்சாத்தானே பதினாலுக்குப் போக முடியும்?"

"இத்தனை மாசமா ஆரம்பிச்சீங்களே, போனீங்களா?"

நல்லிணக்க அலுவலர் டேமியன் குனிந்து கிசுகிசுத்தார். "சார், அந்தத் தீர்மானத்தையே ரத்து பண்ணிடலாம்."

"பண்ணு!"

"பண்ணக் கூட்டம் நடக்கணும் சார்."

ஆன்டி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அக்டோபரில் கூட்டம் இல்லை. நவம்பரிலும் டிசம்பரிலும் இல்லை. ஊரில் குப்பை அள்ளினார்கள், நூலகம் திறந்தது, சாலைப் பள்ளங்கள் போட்டது போட்டபடி இருந்தன. மன்றம் நின்றுபோனதே பலருக்குக் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் தெரிந்தது. புது விதி ஒன்றும் வரவில்லையே என்று யோசித்துக் கண்டுபிடித்தார்கள். ரொட்டிக்கடை வெள்ளைக்காரி நோலீன், முப்பது வருஷமாக ஆன்டியின் முகம் பார்த்துச் சில்லறை கொடுத்தறியாதவள், கேக்கோடு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஆன்டி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இப்படியே வாயை மூடிக்கிட்டு இருங்க."

"எனக்குக் குழாய் வேணுமே நோலீன்."

"குழாய் என்ன குழாய், தினம் ஒரு கேக் கொண்டாரேன்!"

கேக்கை வைத்துக் கை கழுவ முடியாது. பிப்ரவரிக்கு மூன்று வாரமே இருந்தது.

அந்த ஊரில் ஜனவரிதான் கோடை. நாற்பத்து மூன்று டிகிரி வெயிலில் ஒருநாள் ஆன்டி தங்கச்சியின் மண்மேட்டைச் சுற்றிக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கெஞ்ச மேயரும் டேமியனும் கிளம்பி வந்தார்கள். மன்றம் போடாத சாலையில் மன்றத்தின் கார் மணலில் புதைந்துவிட்டது. ஒரு மைல் நடந்து வந்து சேர்ந்தபோது மேயரின் முகம் வெந்த பீட்ரூட் மாதிரி இருந்தது.

ஆன்டிக்கு மனசு கேட்கவில்லை. "அட பாவமே! வாங்க, வாங்க ரெண்டு பேரும். நிழல்ல உக்காருங்க," என்று டப்பாவிலிருந்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாள்.

டேமியன் துள்ளி எழுந்தார். "சார்! வாங்கன்னுட்டாங்க! ரெண்டு தடவை! கூட்டம் ஆரம்பிச்சாச்சு சார்!"

விதியில் இடம் இன்னதென்று இல்லை. மற்ற உறுப்பினர்களைக் கைபேசியில் பிடித்தார்கள். முதல் உறுப்பினர் மூதாதையருக்கு வணக்கம் என்று தொடங்கினார். மேயர் இரண்டாம் குவளைக்குக் கை நீட்டினார். ஆன்டி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"அவ்வளவுதான் லெஸ். காலி."

மேயர் டப்பாவைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சுற்றிச் சுற்றிப் புல்லில் விழுவதைப் பார்த்தார்.

"வணக்கமெல்லாம் அப்புறம்! பொருள் எண் பதினாலு! முதல்ல பதினாலு!"

பத்தே நாளில் குழாய் வந்தது. ஒன்பது பேரின் பெயரையும் பொறித்த பலகை குழாயைவிடப் பெரிசு. தங்கச்சிக்குக் கல் வைத்த அன்று நூறு சொந்தமும் கைகழுவிற்று, குடித்தது.

கூட்டம்தான் தொடங்கிவிட்டதே! மன்றம் நாலு மாதத்துப் பசியோடு உட்கார்ந்தது. முதல் வேலையாக, ஒவ்வொரு கடை வாசலிலும் அனுமதி பெற்ற அளவில் ஒரு நல்லிணக்கத் தொட்டிச்செடி வைக்கவேண்டும், வாடினால் அபராதம் என்று விதி போட்டது.

நோலீன் வாடிய செடியைத் தூக்கிக்கொண்டு இடுகாட்டுக்கே வந்துவிட்டாள்.

"உங்களை யாரு வாங்கன்னு சொல்லச் சொன்னது ஆன்டி? இப்போ பாருங்க, வந்து உக்காந்துக்கிட்டு நம்ம வாசல்ல நமக்கே சட்டம் போடுறானுங்க. இனி எழுந்திருக்கவே மாட்டானுங்க!"

ஆன்டி குழாயைத் திறந்து அவள் செடிக்குத் தண்ணீர் பிடித்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "நாங்க வாங்கன்னு கூடச் சொல்லலை. வந்து இருநூறு வருஷமாச்சு, நீங்களும் இன்னும் எழுந்திருக்கலையே."